மலை எங்கிட்டு இருக்கு?

என் மேசையில் ஒரு காலிப் பால்கோவா பெட்டி இருக்கிறது. மூடியைத் திறந்து மோந்து பார்த்தேன். ரேக்கில் வருஷக்கணக்கில் கிடந்து, ஏற்றி இறக்கி மூலையெல்லாம் நசுங்கி, ஒட்டிய எண் பாதி உரிந்துபோன பிறகும் அடியில் எங்கோ காய்ச்சிய பாலும் நெய்யும் மிச்சமிருக்கின்றன. எறும்புகள் ஏன் அப்படிப் படையெடுத்தன என்று இப்போதுதான் முழுசாகப் புரிகிறது.

நீ போய் ஒரு மழைக்காலம் முடிந்துவிட்டது. உனக்குச் சொல்வதற்கு இந்த வாரம் ஒரு செய்தி கிடைத்திருக்கிறது. "இனிமே அதுவே கேக்கும்ட்டி" என்று ஒரு நாள் நம் லேப் வண்டியைத் தட்டிக்கொடுத்தபடி சொன்னாயே, அது. என்ன கேட்கும், எதற்குக் கேட்கும் என்று நான் நச்சரித்தேன். "கேக்கும்போது ஒனக்கே தெரியும்" என்று சொல்லிவிட்டு டிபன் பாக்ஸைத் திறந்துவிட்டாய். அன்றிலிருந்து அந்தப் பேச்சு என்னைக் குடைந்துகொண்டே இருந்தது. கடைசியில் அது கேட்டது. நம் லேபே கையை விட்டுப் போக இருந்த வாரத்தில் கேட்டது. எனக்கு உடனே தெரிந்துவிடவில்லை.

நான் சென்னைக்காரி. லெஃப்ட், ரைட் இரண்டைத் தவிர வேறு திசை எனக்குத் தெரியாது. ஸ்ரீவில்லிபுத்தூரில் வீடு பிடித்து, நம் கல்லூரியில் எலெக்ட்ரானிக்ஸ் பாடம் நடத்தச் சேர்ந்த புதிதில், ராஜபாளையம் பஸ்ஸில் நீ என் தோளைத் தட்டி, "செத்த கெழக்க தள்ளி உக்காருங்க" என்றாய். பஸ் வளைகிறது, திரும்புகிறது. அதற்குள் கிழக்கு எங்கே இருக்கும்? எனக்கு ஒன்றும் விளங்காமல் எழுந்தே நின்றுவிட்டேன். நீ சிரித்த சிரிப்பில் கண்டக்டர் திரும்பிப் பார்த்தார். நீயும் அதே கல்லூரியில் மெக்கானிக்கல் துறை என்று இறங்கும்போதுதான் தெரிந்தது. சேத்தூரில் பிறந்து, சுந்தரபாண்டியத்தில் வாழ்க்கைப்பட்டு, தினம் ஸ்ரீவில்லிபுத்தூர் வந்து பஸ் மாறுகிறவள். ஒரு மாதத்தில் "உக்காருங்க" போய் "ஏட்டி" வந்துவிட்டது.

உன் வாயில் எல்லாப் பொருளுக்கும் திசை உண்டு. ஸ்பானரை வடக்கே வை. கூட்டுக் கிண்ணத்தை எனக்குத் தெக்க தள்ளு. நீ பல் வலி என்று கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வந்த அன்று, "எந்தப் பல்லு, மேக்குப் பல்லா?" என்று நான் கேட்டேன். வலியோடு வலியாக நீ என்னை அடிக்க வந்தாய். ஊரே அப்படித்தான் பேசுகிறது என்பது எனக்குப் போகப் போகத்தான் புரிந்தது. எங்கே நின்று தலையைத் தூக்கினாலும் மலை தெரிகிற ஊர்க்காரர்களுக்குத் திசை தவறுவதற்கு வழியே இல்லை. மலை இருக்கிற பக்கம் மேற்கு. மற்ற மூன்றும் அதற்குப் பின்னால் தானாக வந்துவிடும்.

அப்போதுதான் அந்தப் பாடம் வந்தது. நூல் பெட்டியும் பேண்டேஜ் துணி மூட்டையும் அடுக்கி வைக்கிற இடத்தை இந்தப் பக்கம் கிட்டங்கி என்பார்கள். பெரிய நகரங்களின் கிட்டங்கிகளில் இப்போது தானாக ஓடுகிற வண்டிகள் வேலை செய்கின்றன. எந்தப் பெட்டி எந்தத் தட்டில் இருக்கிறது என்று கம்ப்யூட்டர் சொல்லும், வண்டி போய் எடுத்து வரும். அதை எப்படி அமைப்பது, எப்படி ஓட்டுவது என்பதுதான் பாடம். ஸ்கிரீனில் படம் ஓட்டி நடத்தினால் போதும் என்றார்கள். "நீச்சல படம் போட்டா சொல்லிக் குடுப்பாங்க?" என்று நீ மீட்டிங்கிலேயே கேட்டுவிட்டாய். பழைய கட்டடத்தில் தட்டுமுட்டுச் சாமான் கிடந்த ஒரு அறையைத் தந்தார்கள். மேற்குப் பக்கம் பெரிய ஜன்னல், ஜன்னல் நிறைய மலை. இரும்பு ஆங்கிள் வாங்கி, ஜன்னலுக்குத் தள்ளி அதே சுவரோடு ரேக் முடுக்கினோம். பிள்ளைகள் பழைய சைக்கிள் கடையில் சக்கரமும் எங்கெங்கோ மோட்டாரும் தேடிப் பிடித்து, பெட்டியை எடுக்க ஒரு கையும் மாட்டி வண்டியைச் செய்தார்கள். சரக்குக்கு என்ன செய்வது என்று யோசித்தபோது நீதான் பால்கோவா பெட்டி என்றாய். எல்லாம் ஒரே அளவு, கனமில்லை, எந்த வீட்டில் கேட்டாலும் கிடைக்கும். இந்த ஊரில்தான் ஒரு என்ஜினீயருக்கு அந்த யோசனை வரும்.

அந்தப் பெட்டிகள் செய்த வேலையை நினைத்து நேற்றுகூடத் தனியாகச் சிரித்தேன். வெள்ளைத் தரையில் கறுப்பு டேப் ஒட்டியிருந்தோம். வண்டியின் வயிற்றில் இருக்கிற சென்சார் கறுப்பைப் பார்த்துப் பார்த்துப் போகும். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஒரு நாள் பாதி வழியில் கோட்டை விட்டுவிட்டு ஜன்னலைப் பார்த்துக் கிளம்பியது. திருப்பி வைத்தோம், மறுபடியும் அங்கேயே போனது. பிள்ளைகள் ஒயரைப் பிடுங்கி மாட்டினார்கள், நான் சென்சாரைக் குறை சொன்னேன். நீ புடவையோடு தரையில் படுத்துவிட்டாய், கன்னம் தரையில் ஒட்ட. "ஏட்டி, இங்க வந்து படு. ரோடு போட்டிருக்காங்க பாரு." படுத்துப் பார்த்தேன். ஜன்னலிலிருந்து பெட்டி ரேக் வரைக்கும் கட்டெறும்புகளின் அடர்த்தியான வரிசை ஒன்று போய்க்கொண்டிருந்தது. வண்டிக்குக் கறுப்பு என்றால் கறுப்புதான். எறும்பு போட்ட கோட்டில் அது பாட்டுக்குப் போயிருக்கிறது.

உனக்குக் கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்குச் சிரிப்பு. பிள்ளைகள் அன்றே வண்டிக்கு எறும்பு என்று பெயர் வைத்துவிட்டார்கள். சிரித்து முடித்து எழுந்து உட்கார்ந்த பிறகு, "அது மேல தப்பில்ல. கோட்ட மட்டும் நம்புனா எவன் கோடு போட்டாலும் போகத்தான செய்யும்" என்றாய். தான் எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறோம் என்பது வண்டிக்குத் தெரிந்தால், வழியில் வேறு கோடு குறுக்கிட்டாலும் ஏமாறாது என்று உனக்குப் பட்டது. திசை காட்டுகிற ஒரு சின்னச் சிப்பை வாங்கி அதன் முதுகில் பொருத்தினாய்.

அங்கேதான் நம் பெரிய சண்டை. வண்டிக்குக் கட்டளையை லெஃப்ட், ரைட் என்று எழுதலாம் என்பது என் கட்சி. உலகமே அப்படித்தான் எழுதுகிறது என்றேன். "வண்டி திரும்பி நின்னா ஒன் லெஃப்டு ரைட்டாயிரும். மலை திரும்புமா?" என்றாய். எனக்குக் கோபம்தான் வந்தது. அந்தக் கோபம் தீருவதற்குள் நீ அதை ஒரு வகுப்பாகவே ஆக்கிவிட்டாய்.

ஒவ்வொரு வருஷமும் முதல் வகுப்பு அதுதான். பேண்டேஜ் துணியால் ஒரு பிள்ளையின் கண்ணைக் கட்டி, தட்டாமாலை சுற்றி, அறை நடுவில் விடுவாய். அந்தப் பிள்ளைதான் வண்டி. மற்றவர்கள் வாயால் சொல்லியே அதைப் பெட்டியிடம் கொண்டுபோக வேண்டும். எதிரே நிற்கிறவன் தன் லெஃப்டைச் சொல்வான், கண் கட்டியவள் தன் லெஃப்டில் திரும்புவாள், ரேக்கில் முட்டி ஒரே கூச்சல். சரி, திசையைச் சொல்லலாம் என்று யாராவது "மேக்க நட" என்பார்கள். சுற்றிவிட்ட தலைக்கு மேற்கு எது? அப்போது கண் கட்டியவர் தடுமாறிக்கொண்டே கேட்பார்: "மலை எங்கிட்டு இருக்கு?" ஒருவர் போய்த் தோளைப் பிடித்து மலைப் பக்கம் திருப்பிவிட வேண்டும். அதற்குப் பிறகு முட்டலே இருக்காது. வருஷம் மாறினாலும் பிள்ளைகள் மாறினாலும் அந்தக் கேள்வி மட்டும் அச்சு மாறாமல் வந்தது. அந்தக் கேள்வி வரும் வரைக்கும் நீ ஒரு வார்த்தை பேசமாட்டாய், மேசையில் சாய்ந்து நின்று வேடிக்கை பார்ப்பாய்.

சிப்பு வந்ததும் இன்னொரு கூத்து. அதைச் சரியாக மலையைப் பார்த்து வைத்தோம், அது மேற்கு என்று சொல்ல மறுத்தது. நல்ல கோணம் தள்ளிக் காட்டியது. "அப்ப சிப்பு தப்பு" என்றாய். நான் விட்டேனா? உலகம் முழுக்க ஒரே மேற்குதான், உங்கள் ஊர் மலைதான் தள்ளி நிற்கிறது என்று ஆடித் தீர்த்தேன். வேறு யாராவது என்றால் முகம் சுண்டியிருக்கும். உனக்குக் கண் விரிந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமையே என்னை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகக் கிளம்பிவிட்டாய். சுந்தரபாண்டியத்தில் களத்தில் நின்றவரிடம் மேற்கு எது என்று கேட்டாய். அவர் யோசிக்காமல் மலைக்குக் கை நீட்டினார். சேத்தூரில் உன் அம்மாவும் மலைக்குக் கை நீட்டினார். கூமாப்பட்டிக்கும் போனோம். மலை அங்கே வளைந்து ஊரை அணைத்த மாதிரி நிற்கும் இல்லையா, அங்கே கேட்ட இரண்டு பேரும் இரண்டு பக்கம் கை நீட்டிவிட்டு அவர்களுக்குள்ளேயே சண்டை பிடித்துக்கொண்டார்கள். ஒவ்வொரு கைக்கும் நேராகச் சிப்பை வைத்துப் பார்த்தாய். ஒன்றோடு ஒன்று ஒத்துவரவில்லை. "எம்புட்டு மேக்கு இருக்குட்டி இந்த ஊருக்குள்ள!" என்று வழி நெடுகச் சொல்லிக்கொண்டே வந்தாய். தோற்றுப்போனவள் அவ்வளவு சந்தோஷப்பட்டு நான் பார்த்ததில்லை.

அதற்குப் பிறகு நீ எறும்பைப் பல நாள் தனியாகக் கிண்டிக்கொண்டிருந்தாய். முதுகில் ஒரு பச்சைப் பட்டன் முளைத்தது. அப்போது சொன்னதுதான் "இனிமே அதுவே கேக்கும்ட்டி". அந்தப் பருவத்திலேயே உனக்கு வயிற்று வலி ஆரம்பித்துவிட்டது.

மதுரை ஆஸ்பத்திரியில் நான் உன்னைப் பார்க்க வந்த அன்று அறையில் ஏசியும் மருந்து வாசனையும்தான். ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்துச் சுவர். எலும்பும் தோலுமாக இருந்தாய். லேபைப் பற்றி ஏதேதோ பேசினேன். நீ கண்ணை மூடியபடி, "இங்க மலை எங்கிட்டு இருக்கு?" என்றாய். நான் போனை எடுத்து மேற்கைக் காட்டினேன். "அது ஒன் மேக்கு. எங்க மலையக் காட்டு" என்றாய். மேப்பில் நம் ஊரைத் தேடி, அறைக்குள் சுற்றிச் சுற்றி நின்று பார்த்து, ஒரு மூலையைக் கை காட்டினேன். அங்கே பாத்ரூம் கதவு. நீ ஒரு கண்ணைத் திறந்து பார்த்தாய். "எங்க மலை கக்கூஸ் பக்கமாட்டி கெடக்கு?" என்று கேட்டுச் சிரித்தாய். சிரித்தால் வலிக்கும், ஆனாலும் சிரித்தாய். நானும் நர்ஸம்மாவும் கட்டில் சக்கரத்தின் பூட்டை எடுத்துவிட்டுக் கட்டிலை அந்தப் பக்கம் கொஞ்சம் திருப்பினோம். கொஞ்ச நேரத்தில் நீ தூங்கிவிட்டாய். எனக்கு அன்று அழுகை வரவில்லை. இதை எழுதும்போது வருகிறது.

இப்போது இந்த வாரத்துக்கு வருகிறேன். பழைய கட்டடத்தை இடிக்கப் போகிறார்கள். லேபைப் புதுக் கட்டடத்துக்கு மாற்றினோம். ரேக்குகளைப் பழையபடியே மலைப் பக்கச் சுவரோடு அடுக்கினோம், டேப்பையும் அதே மாதிரி ஒட்டினோம். ஆனால் இந்த அறையில் அந்தப் பக்கம் ஜன்னல் கிடையாது. மலை தெரியாது. எல்லாம் முடிந்து எறும்புக்குப் புது பேட்டரி மாட்டி ஸ்விட்ச் போட்டால், அது நகராமல் நின்று பீப் பீப் என்று கத்துகிறது. பச்சைப் பட்டனை அழுத்தினால் கிளம்புகிறது, கிளம்பி நேரே சுவரில் முட்டுகிறது. எடுத்து வைத்து மறுபடி அழுத்தினால் வேறு பக்கம் போய் முட்டுகிறது. ஒவ்வொரு தடவையும் வேறு வேறு பக்கம். நீ எழுதின புரோகிராமைப் பார்க்கலாம் என்றால், அது இருந்த லேப்டாப் எப்போதோ செத்துவிட்டது.

வெள்ளிக்கிழமை சென்னைப் பக்கம் ஒரு பெரிய கிட்டங்கியின் மேலாளர் வருவதாக இருந்தது, நம் பிள்ளைகளைப் பயிற்சிக்கு எடுப்பதற்கு. பிரின்சிபால் என்னைக் கூப்பிட்டு, "வண்டி ஓடினால் ஓடட்டும் மேடம். இல்லையென்றால் அந்த அறையில் கம்ப்யூட்டர் போட்டுவிடலாம், எல்லாம் ஸ்கிரீனிலேயே பார்த்துக்கொள்ளலாம்" என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது. முட்டுகிற வண்டியை வைத்துக்கொண்டு நான் என்ன வாதாடுவது? மோட்டாரை மாற்றினோம். சிப்பைத் துடைத்தோம். பெட்டிகளை வெளியே எடுத்து எறும்பு இருக்கிறதா என்றுகூடப் பார்த்தோம். உன் கையால் செய்ததெல்லாம் குப்பைக்குப் போகப்போகிறது என்று பயந்தேன். உன்மேலும் கோபம். கேட்டபோதே சொல்லியிருந்தால் என்ன?

வியாழக்கிழமை புதுப் பிள்ளைகளுக்கு முதல் வகுப்பு. வண்டி ஓடாவிட்டாலும் உன் விளையாட்டை நடத்தாமல் விடுவதில்லை என்று வீம்பாக நடத்தினேன். கூமாப்பட்டியிலிருந்து வருகிற முத்துமாரியின் கண்ணைக் கட்டிச் சுற்றிவிட்டார்கள். லெஃப்ட் என்றார்கள், ரைட் என்றார்கள், ரேக்கில் முட்டினாள், வழக்கமான கூச்சல். மூலையில் எறும்பு தன் பாட்டுக்குப் பீப் அடித்துக்கொண்டிருந்தது, யாரோ ஸ்விட்சை அணைக்க மறந்துவிட்டார்கள். முத்துமாரி கையை நீட்டிக்கொண்டு நடு அறையில் நின்றுவிட்டாள்.

"செத்த இருங்கப்பா. மொதல்ல மலை எங்கிட்டு இருக்குன்னு சொல்லுங்க. பொறவு நடக்கேன்."

பீப், பீப் என்றது எறும்பு.

"அட!" என்று கத்திவிட்டேன். அவ்வளவு நாளும் அது இதைத்தான் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறது! பழைய அறையில் ஒரு தடவை நீ சொல்லிக்கொடுத்ததை அது மறக்கவே இல்லை, அதனால் கேட்கவும் இல்லை. பேட்டரியைக் கழற்றியதும் மறந்துபோய்விட்டது. ஊருக்கு ஒரு மேற்கு என்று பார்த்துவிட்டு வந்தவள், எந்த மேற்கையும் அதன் தலையில் எழுதாமல், போகிற இடத்தில் கேட்டுக்கொள் என்று விட்டிருக்கிறாய். நாங்கள் பதில் சொல்லாமல் பட்டனை மட்டும் அழுத்திக்கொண்டிருந்தோம். அது அப்போது பார்த்துக்கொண்டிருந்த சுவரையெல்லாம் மலை என்று நம்பி ஓடி முட்டியிருக்கிறது.

"மேடம், என்னாச்சு?" என்று முத்துமாரி கட்டோடு கேட்டாள். கட்டை அவிழ்த்துவிட்டு, "எறும்பைத் தூக்கு. மலையைக் காட்டு" என்றேன். ஜன்னலில்லாத அறையில் அவள் கொஞ்சமும் யோசிக்கவில்லை. எறும்பை இரண்டு கையாலும் தூக்கி, ரேக்குச் சுவரைப் பார்க்க இறக்கி வைத்து, பட்டனை அழுத்தினாள். பீப் நின்றது. அப்படியே ஒரு வட்டம் திரும்பியது, கோட்டைப் பிடித்தது, போனது. தட்டிலிருந்து பெட்டியை எடுத்துக்கொண்டு திரும்பி வந்து என் காலடியில் நின்றது. பிள்ளைகள் கத்தினார்கள். அந்தப் பெட்டிதான் இப்போது என் மேசையில் இருக்கிறது.

மறுநாள் அந்த மேலாளர் வந்தபோதும் முத்துமாரிதான் மலையைக் காட்டினாள். அவர் எறும்பின் ஓட்டத்தைவிட அந்தப் பீப்பைத்தான் அதிகம் கவனித்தார். "எங்க வண்டிகளும் இப்படித்தாங்க. தொடங்கும்போது எங்க நிக்குது, எந்தப் பக்கம் பாக்குதுன்னு சொல்லிட்டாப் போதும். அதைச் சொல்ல மறந்துட்டுத்தான் புதுசா வர்ற பசங்க மெஷினத் திட்டுவாங்க. இவங்க முதல் வகுப்புலயே படிக்கிறாங்களே" என்று பிரின்சிபாலிடம் சொன்னார். அறை நமக்கே என்றாகிவிட்டது. அடுத்த மாதம் நம் பிள்ளைகளில் சிலர் அவருடைய கிட்டங்கிக்குப் பயிற்சிக்குப் போகிறார்கள். அங்கே மலை இல்லை. "அதுக்கென்ன மேடம், கேட்டுக்கிடுவோம்" என்கிறார்கள்.

நீ இல்லாதது எனக்குப் பழகவில்லை. கேட்பதற்கு எத்தனையோ இருக்கிறது. அந்த முதல் வட்டத்தை அது ஏன் அடிக்கிறது? சிப்பைச் சரிபார்க்கவா, இல்லை சும்மா ஆட்டம் காட்டவா? வரும் வாரம் பிள்ளைகளோடு உட்கார்ந்து கண்டுபிடிக்கப் போகிறேன். உன்னிடம் கேட்டாலும் தரையில் படுத்துப் பார் என்றுதான் சொல்லியிருப்பாய்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பஸ்ஸில் நல்ல கூட்டம். மலைப் பக்கம் ஜன்னலோரம், நீ யாருக்கும் விட்டுத்தராத இடத்தில், நான் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் பூக்கூடையோடு ஒரு அம்மா. கூடை என் மடியில் பாதி இருந்தது. என்னை அறியாமல் வாயில் வந்துவிட்டது.

"செத்த கெழக்க தள்ளி உக்காருங்கம்மா."

அவர் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கூடையைத் தூக்கிக்கொண்டு சரியாகத் தள்ளி உட்கார்ந்தார்.